உலர்த்தாமல் பார்த்தல்: வடிகட்டிச் சவ்வுகளும் எக்ஸ் கதிர்ப் படங்களும்

கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு, அதன் உள்ளமைப்பை யாரும் கண்ணால் காண்பதற்கு முன்பே செய்யப்பட்டுவிட்டது. 1950களின் இறுதியில் ஃபுளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் உப்பைத் தடுக்கும் என்று காட்டினார்கள். ஆனால் அதன் வழியே வந்த நீர் மிகச் சொற்பம். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜனும் அதே பொருளை வேறு விதமாக வார்த்தார்கள். அவர்களுடைய தாள் ஏறத்தாழ 10 மடங்கு அதிக நீரைக் கொடுத்தது. அதில் ஒரு புதிர் இருந்தது. ஒரு முகத்தை உப்புநீர்ப் பக்கம் வைத்தால் மட்டுமே அது வேலை செய்தது. திருப்பி வைத்தால் உப்பைத் தடுக்கும் திறன் போய்விட்டது. பார்வைக்கு இருபுறமும் ஒன்றுபோலத் தெரிந்த தாளின் இரு முகங்களும் ஒன்றல்ல என்பதை அவர்கள் நீரோட்டத்தை வைத்தே ஊகித்தார்கள்.

அந்த ஊகத்துக்குச் சாட்சி 1964இல்தான் கிடைத்தது. ரைலி, கார்ட்னர், மெர்டன் மூவரும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில், பஞ்சுபோன்ற தடித்த அடுக்கின் மேல் மைக்ரோமீட்டரில் ஒரு சிறு பங்கே கனமுள்ள அடர்ந்த தோல் ஒன்று இருந்தது. உப்பைத் தடுப்பது அந்தத் தோல். கீழே உள்ளது வெறும் தாங்கி. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் கோலிங்கா ஊரில் இவ்வகைச் சவ்வைக் கொண்டு ஊருக்குக் குடிநீர் தரும் ஆலை ஓடத் தொடங்கியது.

அன்று முதல் சவ்வின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்றால் எலெக்ட்ரான் நுண்ணோக்கி என்பது வழக்கமாகிவிட்டது. அதன் கூர்மையை இன்றும் எக்ஸ் கதிர் எளிதில் எட்ட முடியாது. ஆனால் அந்தக் கூர்மைக்கு ஒரு விலை உண்டு. மாதிரியை உலர்த்த வேண்டும், திரவ நைட்ரஜனில் நனைத்து உடைக்க வேண்டும், உடைந்த முகத்தில் பொன் அல்லது பிளாட்டினம் பூச வேண்டும், பிறகு வெற்றிடத்துக்குள் வைக்க வேண்டும். லோப்–சௌரிராஜன் சவ்வை ஈரத்திலேயே வைத்துப் பாதுகாக்க வேண்டும். காயவிட்டால் அது மறுபடி பழைய சவ்வாக ஆகாது. உலரும்போது பின்வாங்கும் நீரின் பரப்பு இழுவிசை நுண்ணிய துளைகளைச் சுருக்கி மூடிவிடுகிறது. ஆக, நுண்ணோக்கியில் தெரிவது வேலை செய்த சவ்வின் சடலம். அதுவும் ஒரே ஒரு வெட்டுமுகம். அந்த முகத்தில் இரண்டு துளைகள் தனித்தனியாகத் தெரிந்தால், அவை ஆழத்தில் எங்கோ இணைகின்றனவா, ஒன்று முட்டுச்சந்தாக முடிகிறதா என்பது படத்தில் இல்லை. நீருக்கு முக்கியமான கேள்வியோ அதுதான்.

எக்ஸ் கதிர் இந்த இடத்தில்தான் நுழைகிறது. வெட்டாமல், உலர்த்தாமல், நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பார்க்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது. கூர்மையில் அது பெரும்பாலும் பின்தங்கியே நிற்கிறது. சவ்வு ஆய்வில் எக்ஸ் கதிரின் மதிப்பைப் பேசுபவர்கள் பல நேரம் 'எத்தனை நானோமீட்டர்' என்ற ஒரே அளவுகோலை எடுத்துக்கொள்கிறார்கள். அது எலெக்ட்ரானோடு ஓடும் பந்தயம். எக்ஸ் கதிர் வேறு ஆட்டத்துக்கு உரியது.

ஆனால் முதல் தடையே பெரிது. ரோன்ட்கன் 1895இல் எடுத்த கைப்படத்தில் எலும்பு தெரிந்ததற்குக் காரணம் கால்சியம். சவ்வில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், சிலவற்றில் கந்தகம் அல்லது ஃபுளோரின். துளையில் இருப்பது நீர். இவை எல்லாமே இலேசான அணுக்கள். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ஆற்றலில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள பாலிமர் தாள் தன் மேல் விழும் கதிரில் நூற்றுக்குச் சில பங்கைத்தான் உறிஞ்சும். பாலிமருக்கும் நீருக்கும் இடையிலான வேறுபாடோ அதனினும் குறைவு. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் ஈரச் சவ்வு ஒரு வெற்றுத்தாள்.

இதிலிருந்து மீள 1990களில் ஒரு வழி பிறந்தது. ஒரு பொருளின் வழியே செல்லும் கதிர் உறிஞ்சப்படுவதோடு சற்றே திசையும் திரும்புகிறது. எக்ஸ் கதிருக்குப் பொருள்களின் விலகல் எண் 1இலிருந்து பத்து லட்சத்தில் ஒரு சில பங்கே மாறுபடும். ஆனால் இலேசான அணுக்களில் இந்தச் சிறு மாற்றம், உறிஞ்சலைக் குறிக்கும் எண்ணைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு பெரியது. பதிவுத் திரையை மாதிரியின் முதுகில் ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால், துளையின் விளிம்பில் திரும்பிய கதிரும் நேரே வந்த கதிரும் கலந்து வெளிச்சமும் இருளுமான கோடுகளை உண்டாக்கும். வெயில் விழும் தண்ணீர்த் தொட்டியின் தரையில் நெளியும் ஒளிக்கோடுகளும் இப்படித்தான் வருகின்றன: நீர் ஒளியைத் தடுக்கவில்லை, வளைத்திருக்கிறது. கட்ட வேறுபாட்டுப் படம் என்று இதற்குப் பெயர். கதிர் மிகச் சிறிய புள்ளியிலிருந்து வருவதுபோல் ஒழுங்காக இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். சிங்க்ரோட்ரான்களைத் தேடிச் சவ்வு ஆய்வாளர்கள் போனதற்கு அதுதான் காரணம்.

சிங்க்ரோட்ரான் என்பது ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் எலெக்ட்ரான்களைச் சுற்ற விடும் வளையம். அவை வளையும் ஒவ்வொரு திருப்பத்திலும் எக்ஸ் கதிரை உதிர்க்கின்றன. பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள ஐரோப்பிய வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர், எலெக்ட்ரான்களின் ஆற்றல் 6 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். 2000களின் நடுவில் டூலூஸ் நகர ஆய்வாளர்களான ரெமிஜி, மெய்ரெலெஸ் முதலியோர் நுண்வடிகட்டிச் சவ்வுகளைச் சிங்க்ரோட்ரான் கதிரில் சுழற்றி, நூற்றுக்கணக்கான கோணங்களில் படமெடுத்து, முப்பரிமாண வடிவத்தை மீட்டார்கள். டோமோகிராபி என்பது இதுதான். மருத்துவமனை சி.டி. ஸ்கேனில் நோயாளியைச் சுற்றிக் கருவி சுழல்கிறது; இங்கே கருவி அசையாது, மாதிரிதான் சுழலும். மற்றபடி கணக்கு ஒன்றே.

அந்தக் கணக்கின் வரலாற்றில் ஒரு சென்னைப் பெயர் உண்டு. பல கோணங்களில் விழும் நிழல்களிலிருந்து பொருளை மீட்கலாம் என்பதை ஆஸ்திரியக் கணிதவியலாளர் ராடோன் 1917இலேயே நிறுவிவிட்டார். அதைக் கணினியில் நடைமுறையாக்க ஃபூரியே உருமாற்றம் வேண்டியிருந்தது. அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பை முன்வைத்துப் புகழ்பெற்ற ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஃபூரியே உருமாற்றத்தைத் தவிர்த்து, ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட சார்பால் வடித்து நேரடியாகப் பின்னோக்கிப் பரப்பினாலே போதும் என்றது அது. வானொலி வானியலில் பிரேஸ்வெலும் ரிடிலும் இதற்கு நெருக்கமான வழியைச் சில ஆண்டுகள் முன்பே கண்டிருந்தார்கள். ஆனாலும் இன்று பல டோமோகிராபி மென்பொருள்களைத் திறந்தால் வடிப்பான்களின் பட்டியலில் 'ராம்–லாக்' என்று ஒரு பெயர் இருக்கும். ராமச்சந்திரன்–லட்சுமிநாராயணன் என்பதன் சுருக்கம் அது. சவ்வின் படம் அந்தப் பெயரைத் தாண்டித்தான் பெரும்பாலும் வெளியே வருகிறது.

இப்படிக் கிடைப்பது புகைப்படம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கான சின்னக் கனசதுரங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சாம்பல் எண். எந்தச் சதுரம் பாலிமர், எந்தச் சதுரம் துளை என்று எண் சொல்வதில்லை. விளிம்பில் இருக்கும் சதுரத்தில் பாதி பாலிமர், பாதி நீர். அதன் எண்ணும் நடுத்தரமாக நிற்கும். எங்கோ ஒரு வரம்பு எண்ணை வைத்து, இதற்கு மேல் பாலிமர், இதற்குக் கீழ் துளை என்று யாரோ கோடு கிழிக்க வேண்டும். அதைத் தானாகச் செய்யும் வழிமுறைகள் இருக்கின்றன. 1979இல் ஜப்பானியர் ஓட்சு தந்தது இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஆனால் எந்த வழிமுறையைத் தேர்வது என்பதும் ஒரு தீர்ப்புதான்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு கனமானது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படத்தில் 3 சதுரம் அகலமுள்ள உருளைத் துளை ஒன்று இருக்கிறது. வரம்பு எண்ணைச் சற்றே நகர்த்தியதில் இருபுறமும் அரைச் சதுரம் கூடி அது 4 சதுரம் ஆகிறது. ஒரே அழுத்தத்தில் உருளைக் குழாயில் ஓடும் நீரின் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 3இன் நான்காம் அடுக்கு 81; 4இன் நான்காம் அடுக்கு 256. அதாவது கண்ணுக்கே தெரியாத அரைச் சதுர நகர்வில் கணக்கிட்ட நீரோட்டம் மும்மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் நீலமும் மஞ்சளுமாகச் சுழலும் அழகான முப்பரிமாணப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் எழும் சந்தேகம் இதுதான். நல்ல குழுக்கள் கோட்டை எங்கே கிழித்தோம், நகர்த்தினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று சொல்கின்றன. அதோடு குமிழி அழுத்தச் சோதனை போன்ற பழைய முறைகளோடு ஒப்பிடுகின்றன: ஈரமான சவ்வின் ஒருபுறம் காற்றழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், மறுபுறம் முதல் குமிழி வரும் அழுத்தத்திலிருந்து இருப்பதிலேயே பெரிய துளையின் குறுகிய கழுத்தைக் கணக்கிடும் எளிய சோதனை அது. படமும் குமிழியும் ஒத்துப்போகவில்லை என்றால் நான் குமிழியைத்தான் நம்புவேன்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் முப்பரிமாணப் படம் ஒரு பழைய கடனைத் தீர்த்திருக்கிறது. நீர் சவ்வின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு நேர்கோட்டில் போவதில்லை. அதன் பாதை சவ்வின் கனத்தைவிட எத்தனை மடங்கு நீளம் என்பதைக் குறிக்கும் எண் ஒன்று எல்லாச் சமன்பாடுகளிலும் வருகிறது. பல பதிற்றாண்டுகளாக அதை யாரும் அளக்கவில்லை. சோதனையில் வந்த நீரோட்டத்துக்குச் சமன்பாடு பொருந்தும்படி அந்த எண்ணை வளைத்துக்கொண்டார்கள். பொருந்தாத மிச்சத்தையெல்லாம் போட்டு மூடிய எண் அது என்றும் சொல்லலாம். டோமோகிராபி வந்தபின், குறைந்தபட்சம் நுண்வடிகட்டிச் சவ்வுகளிலாவது, பாதையை உள்ளபடியே தொடர்ந்து போய் அளக்க முடிகிறது.

சவ்வு வேலை செய்யும்போது பார்ப்பதில் என் ஈடுபாடு இன்னும் அதிகம். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு சிங்கப்பூரில் இருக்கிறது. பயன்படுத்திய நீரைச் சவ்வுகளால் சுத்திகரித்து 2003 முதல் 'நியூவாட்டர்' என்று வழங்கிவரும் அந்த நகரத்துக்கு, சவ்வு அடைத்துக்கொள்வது அன்றாடக் கவலை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள சிறிய சிங்க்ரோட்ரானின் கட்ட வேறுபாட்டுக் கதிரில், சவ்வு ஆய்வாளர் டோனி ஃபேனின் குழுவினர் குழல் இழைச் சவ்வுகளை வைத்து, இரும்பு ஹைட்ராக்சைடு கலந்த நீரை வடித்தபடியே படமெடுத்தார்கள். இரும்பு கனமான அணு, நன்றாகத் தெரியும். 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, இழையின் வெளிப்புறத்தில் சேரும் படிவோடு உட்புறம் நடப்பதையும் ஒருசேரக் காட்டியது. அழுத்தம் ஏறுகிறது, நீர் குறைகிறது என்ற இரண்டு எண்களை மட்டுமே வைத்துக்கொண்டு அடைப்பு எங்கே என்று ஊகித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். அடைப்பு வெளியே என்றால் காற்றுக்குமிழி விட்டுக் கழுவலாம். உள்ளே என்றால் ரசாயனம் தேவைப்படும். ஆலை நடத்துபவருக்கு இரண்டும் வெவ்வேறு செலவு.

இதற்கும் முன்பே, கூர்மை மிகக் குறைந்த சாதாரண மருத்துவமனை ஸ்கேனரில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தமானது. இத்தாலியின் விசென்சா நகரச் சிறுநீரக மருத்துவர் கிளாடியோ ரோன்கோ, 2000ஆம் ஆண்டை ஒட்டி, டயாலிசிஸ் வடிகட்டியையே சி.டி. ஸ்கேனருக்குள் வைத்தார். அந்தப் பிளாஸ்டிக் உருளைக்குள் சுமார் 10,000 குழல் இழைகள் இருக்கும். ஒவ்வொன்றின் உள்விட்டமும் ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டர். இரத்தம் இழைகளுக்குள் ஓட, கழுவும் நீர்மம் வெளியே எதிர்த்திசையில் ஓடும். ரோன்கோ ஸ்கேனில் தெரியக்கூடிய சாயமருந்தைக் கலந்து விட்டார். இரத்தம் கட்டின் நடு இழைகளில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடியது. வெளி நீர்மமோ ஓரத்தை நாடியது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சந்திக்கவில்லை. இழைகளை நேராக அடுக்காமல் அலைபோல் நெளியவிட்டாலோ இடையிடையே நூல்களைக் கோத்தாலோ நீர்மம் சீராகப் பரவி, இரத்தத்திலிருந்து கழிவு வெளியேறுவதும் கூடியது. இந்தப் படங்களில் ஒரு துளைகூடத் தெரியாது. தேவையும் இல்லை. நோயாளிக்குக் கிடைக்கும் பலனைத் தீர்மானித்தது சவ்வின் துளை மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கான சவ்வுகளை அடுக்கிய விதமும்தான்.

வீட்டு ஆர்.ஓ. எந்திரத்திலிருந்து மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் வரை இருக்கும் சுருள் தொகுதிகளிலும் இதே கதைதான். சுருட்டிய சவ்வுத் தாள்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். நீர் ஓட இடம் தருவது அது. கணினி மாதிரிகளில் அந்த வலையின் இழையைச் சீரான உருளை என்று வரைவது வழக்கம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், சவூதி அரேபியாவின் கிங் அப்துல்லா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் உண்மையான வலைகளை எக்ஸ் கதிர் டோமோகிராபியில் எடுத்து, அந்த வடிவத்தையே மாதிரிக்குள் ஊட்டினார்கள். இழைகள் முடிச்சுகளுக்கு இடையே மெலிந்து, முடிச்சில் தடித்திருந்தன. அந்த வடிவத்தில் கணக்கிட்ட அழுத்த இழப்பு அளவீட்டோடு நன்றாகப் பொருந்தியது; எளிமையாக்கிய உருளை அப்படிப் பொருந்தவில்லை.

இனி, உப்பைத் தடுக்கும் அந்த மெல்லிய தோலுக்கு வருவோம். ஜான் கேடட் 1970களில் உருவாக்கிய பாலிஅமைடு சவ்வுதான் இன்றைய ஆர்.ஓ.வின் அடிப்படை. பாலியெஸ்டர் துணி, அதன் மேல் சில பத்து மைக்ரோமீட்டர் பாலிசல்ஃபோன், அதன் மேல் 100 நானோமீட்டர் அளவில் பாலிஅமைடு. வேலை முழுவதும் இந்தக் கடைசி அடுக்கில். அதில் துளை என்று தனியாக எதுவும் இல்லை. பாலிமர்ச் சங்கிலிகளுக்கு இடையே உள்ள, அணு அளவிலான, ஓயாமல் இடம் மாறும் இடுக்குகள்தான். அவற்றை எந்த டோமோகிராபியும் துளையாகப் பிரித்துக் காட்டாது.

இங்கே எக்ஸ் கதிரைப் படமெடுக்க விடாமல் சிதற விடுகிறார்கள். படலத்தை உரசுவதுபோல் சாய்வாகக் கதிரை விட்டால், சங்கிலிகளுக்கு இடையிலான சராசரி இடைவெளிக்கேற்ற கோணத்தில் அது சிதறும். பாலிஅமைடில் ஏறத்தாழ 3.5 முதல் 5 ஆங்ஸ்ட்ராம் வரையிலான இடைவெளிகளுக்குரிய அகன்ற, மங்கிய வளையங்கள் கிடைக்கின்றன. நீர் மூலக்கூறின் குறுக்களவு சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம், நீர் போர்த்திய சோடியம் அயனி சுமார் 7. எண்களை அடுக்கிப் பார்த்ததும், நீர் நுழையும், சோடியம் நுழையாது, கதை முடிந்தது என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லக் கூடாது. சிதறல் காட்டுவது அடுத்தடுத்த சங்கிலிகளின் மையங்களுக்கு இடையிலான தூரம். அந்தத் தூரத்தின் பெரும்பகுதியைச் சங்கிலியின் அணுக்களே நிரப்பியிருக்கும். வெற்றிடத்தின் அளவு அதுவல்ல. கோடிக்கணக்கான இடங்களின் சராசரி வேறு அது. நீர் தேடிப் போவதோ சராசரியை அல்ல, எளிதான பாதையை.

2021இல் கல்ப், கோமெஸ், மணீஷ் குமார் முதலியோர் 'சயின்ஸ்' இதழில் இதைத் தெளிவாக்கினார்கள். நான்கு பாலிஅமைடு சவ்வுகளை ஒப்பிட்டபோது, கனமான படலமே அதிக நீரை விட்டது. மெல்லியதுதான் வேகமானது என்ற பாடப்புத்தக எதிர்பார்ப்புக்கு நேரெதிர். படலத்துக்குள் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதும், அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதும்தான் நீரோட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்று காட்டினார்கள். ஆனால் அவர்கள் கையாண்டது எலெக்ட்ரான் டோமோகிராபி. மாதிரி மீண்டும் வெற்றிடத்தில், நீர் இல்லாமல்.

அதே கூர்மையை எக்ஸ் கதிரில், ஈரத்தில் பெற முடியுமா? மென்மையான எக்ஸ் கதிர்களில் 284க்கும் 543க்கும் இடைப்பட்ட எலெக்ட்ரான் வோல்ட் பகுதியில் கார்பன் நன்றாக உறிஞ்சும், நீர் கதிரைப் பெரிதும் விட்டுவிடும். ஈரமான பாலிமருக்கென்றே அமைந்த சாளரம்போன்ற பகுதி. ஆனால் அந்தக் கதிர் சில மைக்ரோமீட்டர் நீரைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். ஆலையில் கடல்நீர்ச் சவ்வு தாங்குவது 55 முதல் 70 பார் அழுத்தம். அத்தனை மெல்லிய நீர்ப்படலத்துக்குள் அந்த அழுத்தத்தைக் கட்டுவது எளிதான பொறியியல் இல்லை. மறுபக்கம், லென்ஸ் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று படியும் புள்ளிகளின் சிதறல் வடிவங்களைக் கணினியில் கோக்கும் டைகோகிராபி முறையில், சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தார் 2024இல் 4 நானோமீட்டர் கூர்மையுள்ள முப்பரிமாணப் படத்தை எட்டியதாக அறிவித்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்தது கணினிச் சில்லு. தாமிரமும் சிலிக்கனும் கதிரைத் தாங்கும்.

பாலிமர் தாங்காது. அக்ரிலிக் வகைப் பாலிமர் ஒன்று எக்ஸ் கதிர் பட்ட இடத்தில் சங்கிலி அறுந்து கரையும் என்பதாலேயே நுண்வார்ப்புத் தொழிலில் பயன்படுகிறது. டெஃப்லான் மிக எளிதில் சிதையும். பென்சீன் வளையங்கள் நிறைந்த பாலிசல்ஃபோன் போன்றவை ஓரளவு ஈடுகொடுக்கும். கூர்மையைக் கூட்டக் கூட்டத் தேவையான கதிரளவு ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுகிறது: 10 மடங்கு நுட்பமாகப் பார்க்க 10,000 மடங்கு கதிர். குழாயில் நீரை ஆண்ட அதே அடுக்கு இங்கே படத்தை ஆள்கிறது, இந்த முறை நமக்கு எதிராக. மாதிரியைத் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்கு உறைய வைத்தால் சிதைவு குறையும். ஆனால் உறைந்தபின் வடித்தல் நின்றுபோகும். ஓடும்போது பார்க்கலாம் என்று எக்ஸ் கதிரைத் தேடி வந்த காரணமே அங்கே கைவிட்டுப் போகிறது.

அதனால் ஆய்வாளர்கள் வேறு கட்டுப்பாடுகளோடு உழைக்கிறார்கள். ஒரே சுருளிலிருந்து வெட்டிய பல துண்டுகளைக் குறைந்த கதிரில், விரைவாக எடுக்கிறார்கள். தாங்கி அடுக்கை மைக்ரோமீட்டர் கூர்மையில் டோமோகிராபியும், தோலைச் சிதறலும் எலெக்ட்ரானும் பார்க்க, இடையில் உள்ளதைக் கணினி மாதிரி நிரப்புகிறது. கதிர் படுவதற்கு முன்னும் பின்னும் அதே துண்டின் நீரோட்டத்தையும் உப்புத்தடுப்பையும் அளந்து வைத்துக்கொண்டால், முன் அளவும் பின் அளவும் வேறுபடும்போது அந்தப் படத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.